அழிந்தது கற்பு அல்ல: ‘வன்புணர்வு’ என்னும் சொல்

வாச்சாத்தியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் சிலருக்குக் கை தானாகக் ‘கற்பழிப்பு’ என்று போட்டுவிடுகிறது. 1992 ஜூனில் அரூர் பக்கம் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள அந்தப் பழங்குடி ஊரில் 18 பெண்களுக்கு அந்தக் கொடுமை நடந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 அரசு ஊழியர்களையும் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 17 பேர் மீது வன்புணர்வுக் குற்றம் உறுதியானது. குற்றம் செய்தவர்கள் அரசுச் சம்பளக்காரர்கள், அழிந்தது மட்டும் பெண்ணின் கற்பா?

கற்பு ‘கல்’ என்னும் வினையடியில் பிறந்தது. தொல்காப்பியத்தில் அது சடங்கோடு கொடுப்பார் கொடுக்கக் கொள்ளும் மணவாழ்க்கை, களவுக்கு அடுத்த கட்டம். பின்னால்தான் பெண்ணுடம்புக்குள் பூட்டிவைத்த பண்டமாயிற்று. பண்டம் என்றால் அழியும்; அழிந்தால் சொந்தக்காரி வெட்கப்பட வேண்டும். பாலியல் தொழில் செய்கிறவருக்கு நடந்தால் ‘அவளுக்கு ஏது’ என்று ஊர் கேட்பதும் இந்தச் சொல் கொடுத்த துணிச்சல்தான். உச்ச நீதிமன்றம் 2013இல் கண்டித்து, 2022இல் செய்தாலே முறைகேடு என்று சொன்ன இருவிரல் சோதனை (பெண் உடலுறவுக்குப் பழகியவளா என்று விரல் விட்டுப் பார்ப்பது) இதே சொல்லின் மருத்துவ வடிவம்.

‘பலாத்காரம்’ வடசொல், வெறும் ‘பலவந்தம்’ என்றுதான் பொருள். வழக்கொழிந்து வருகிறது, விட்டுவிடலாம்.

வம்பெல்லாம் ‘பாலியல் வன்கொடுமை’யோடுதான். நல்லெண்ணத்தில் வந்த சொல். கற்பைக் கழற்றிவிட்டது, அதற்கு நன்றி. ஆனால் பேருந்தில் இடித்ததும், கைப்பேசியில் ஆபாசப் படம் அனுப்பியதும், வன்புணர்வும் இன்று அந்த ஒரே பெயரில் அச்சாகின்றன. தலைப்பைப் படித்தவருக்கு என்ன நடந்தது என்று தெரிவதே இல்லை. சட்டத்தில் இவை வெவ்வேறு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் வன்புணர்வுக்குப் பிரிவுகள் 63, 64. பாலியல் துன்புறுத்தலுக்கு 75. இடையில் நிற்கும் 74ஐ, அதாவது பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் நோக்கில் தாக்குவதை, இன்னும் ‘மானபங்கம்’ என்கிறார்கள், அது தனி வயிற்றெரிச்சல்.

தருமபுரி, கிருஷ்ணகிரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘வன்கொடுமை கேஸ்’ என்றால் இங்கே 1989ஆம் ஆண்டின் சாதி வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்தான் நினைவுக்கு வரும். வாச்சாத்தி வழக்கிலோ இரண்டும் சேர்ந்தே வந்தன. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் எதைச் சொல்கிறோம் என்பதைப் பிரித்தறிய வழியில்லை. ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் வன்புணர்வை ‘அத்யாசாரம்’, ‘அத்யாசார’ என்கிறார்கள். இந்தியில் அதே சொல் பொதுவான கொடுமையைத்தான் குறிக்கும். மொழிபெயர்ப்பாளர் எந்த மொழி வழியாக வருகிறார் என்று பார்க்காமல் நம்பினால் ஆபத்து.

இலங்கைத் தமிழர் ‘வல்லுறவு’ என்கிறார்கள். செறிவான சொல்தான். ஆனால் இங்கே ‘உறவு’ என்றதும் ‘ஏற்கெனவே அவனோடு உறவு இருந்ததாமே’ என்ற குறுக்கு விசாரணை காதில் விழுகிறது. ‘புணர்வு’ம் இருவர் கூடுவதுதானே என்று கேட்பார்கள். உண்மை. ஆனால் ‘வன்சொல்’லில் வன் வந்ததும் இனிமை போய்விடவில்லையா? இங்கும் முன்னொட்டே பொருளை ஆள்கிறது. ஒரு குறை மட்டும் உண்டு: 63ஆம் பிரிவு விரலையும் பொருளையும் வாயையும் சேர்த்தே சொல்கிறது. ‘புணர்வு’ என்று கேட்டு ‘அது நடக்கலையே’ என்று யாரும் வாய் மூடிவிடக் கூடாது. எனவே குற்றத்துக்கு வன்புணர்வு, எல்லாவற்றையும் அடக்கும் பொதுச்சொல்லுக்குப் பாலியல் வன்முறை.

ஊரில் ‘கெடுத்துட்டான்’ என்பார்கள். புகாரை எழுதுபவர் அதை ‘கற்பழித்தார்’ என்று திருத்த வேண்டியதில்லை. யார், எங்கே, எதால், என்ன செய்தான் என்று பாதிக்கப்பட்டவர் சொன்னபடியே எழுதினால் போதும். பிரிவைத் தீர்மானிப்பது நடந்த செயல், சொல் அல்ல. ‘இது எங்கள் ஸ்டேஷன் எல்லை இல்லை’ என்று போலீஸ் திருப்பி அனுப்பவும் முடியாது. எந்த நிலையத்திலும் எப்.ஐ.ஆர். பதியலாம், நகல் இலவசம். மருத்துவமனைக்கு எப்.ஐ.ஆர். இல்லாமலே போகலாம். அரசோ தனியாரோ, சிகிச்சை இலவசம், மறுத்தால் குற்றம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கு 72 மணி நேரம்தான் கெடு, அவசரக் கருத்தடை மாத்திரையை ஐந்து நாள் வரை எடுக்கலாம், இரண்டிலும் முந்தினால் நல்லது. துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் தடயம் கெடும். குளித்துவிட்டாலும் போகலாம், தடயம் மிச்சமிருக்கலாம். பெண்கள் உதவி எண் 181க்கு அழைத்தால் ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைப்பார்கள். குழந்தை என்றால் 1098.

இந்த மையங்களைப் பற்றிய துண்டறிக்கைகளில்தான் அடுத்த கோளாறு: பாதிக்கப்பட்ட பெண்ணை, ‘சர்வைவர்’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் பெயர்த்து, ‘உயிர் பிழைத்தவர்’ என்பது. பஸ் கவிழ்ந்து தப்பியவரைச் சொல்வதுபோல் இருக்கிறது. ‘மீண்டவர்’ என்றால், இன்னும் மீளாதவர் யார்? ‘பாதிக்கப்பட்டவர்’ என்றே எழுதலாம். அந்தப் பெண் தன்னை வேறு விதமாகச் சொல்லிக்கொண்டால், அதையே எழுத வேண்டும்.