அமிலம் கையில பட்டா பைப்படிக்கு ஓடுங்க, சோடா தேடாதீங்க

போன கிழமையும் ஒண்டு நடந்துட்டு. ஃபர்ஸ்ட் இயர் ஆர்கானிக் பிரக்டிகல், எஸ்டர் செய்யுற நாள், ஒரு தங்கச்சிக்கு செறிந்த சல்பூரிக் அமிலம் மணிக்கட்டில தெறிச்சிட்டு. ரெண்டு எட்டு வைச்சா சிங்க், பைப்பில நல்லாத் தண்ணி வருது, ஆனா பிள்ளை பைப்பைத் திறக்கேல்ல. பைகாபனேட் (சோடா) போத்தல் எங்க எண்டு கத்திக்கொண்டு லேப் முழுக்க ஓடுது, கூட்டாளிமார் அலுமாரி அலுமாரியாத் திறந்து பாக்குதுகள். நான் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போய் பைப்புக்குக் கீழ வைக்கிறதுக்குள்ள தோல் வெந்து நிறம் மாறிட்டு. தழும்பு நிக்கும்.

இது முதல் தடவை எண்டா நான் இதை எழுத மாட்டன். ஒவ்வொரு பச்சிலயும் இதே கதை. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், நிலாவெளி, டவுன் எண்டு எங்கட திருகோணமலைப் பிள்ளையள் ஏஎல்ல கெமிஸ்ட்ரிக்கு நல்ல ரிசல்ட் எடுத்து வருதுகள், பாஸ்ட் பேப்பர் கரைச்சுக் குடிச்சதுகள், ஆனா நிறையப் பேர் கையால ஒரு ரவுண்ட் பொட்டம் பிளாஸ்கைத் தொட்டிருக்க மாட்டுதுகள். பள்ளிக்கூட லேப்ல சாமான் இல்ல, இருந்தாலும் சேர் செய்து காட்டுவார், பிள்ளையள் சுத்தி நிண்டு பாக்கும். அதில பிள்ளையளைக் குற்றம் சொல்ல ஏலாது. ஆனா பேப்பருக்கு எழுதின விடையை அப்பிடியே தோலுக்கு மேல செய்து பாக்கிறதை நான் இனியும் பாத்துக்கொண்டு இருக்க மாட்டன்.

அமிலமும் காரமும் சேந்தா உப்பும் நீரும். இதை ஒன்பதாம் பத்தாம் வகுப்பில இருந்து மண்டையில ஏத்தி விட்டிருக்கு. அதால கையில அமிலம் பட்டா காரம் போட்டா சரி, காரம் பட்டா வினாகிரி போட்டா சரி எண்டு நினைக்கிறீங்க. ஏஎல்ல நீங்களே எழுதினது தானே, வன்னமிலமும் வன்காரமும் நடுநிலையாகேக்க ஒரு மோல் நீருக்குக் கிட்டத்தட்ட 57 கிலோஜூல் வெப்பம் வெளிய வரும் எண்டு? அந்த வெப்பம் பீக்கருக்குள்ள வந்தா தெர்மோமீட்டர் ஏறும். உங்கட தோலுக்கு மேல வந்தா? ஏற்கனவே அமிலத்தால புண்ணான இடத்தில நீங்களே இன்னொரு சூடு வைக்கிறீங்க. பைகாபனேட் மென்காரம் தானே மிஸ், அவ்வளவு சூடு வராது தானே எண்டு ஒருத்தர் கேட்டார். சரி, சூடு குறைவு எண்டே வைச்சுக்கொள்ளுவம், எவ்வளவு அமிலம் பட்டதெண்டு உங்களுக்குத் தெரியுமா, எவ்வளவு பைகாபனேட் போட்டா முடிவுப்புள்ளி வருமெண்டு தெரியுமா? கையில இண்டிகேட்டர் ஊத்தி டைட்ரேஷனா செய்யப்போறீங்க? அதைவிடப் பெரிய விஷயம் நேரம். அமிலம் போத்தல் தேடும்வரைக்கும் காத்துக்கொண்டு இருக்காது, முதல் சில செக்கன்லயே வேலையைத் தொடங்கிடும். ஓடுற தண்ணி மூண்டு வேலையையும் சேத்துச் செய்யும், அமிலத்தை ஐதாக்கும், அடிச்சுக்கொண்டு போகும், வாற சூட்டையும் கொண்டு போகும்.

இதுக்கு எதிரா இன்னொரு கூட்டம் இருக்கு. செறிந்த சல்பூரிக் அமிலத்துக்குள்ள தண்ணி ஊத்தக்கூடாது, தண்ணிக்குள்ள தான் அமிலத்தை ஊத்தவேணும் எண்டு படிச்சதால கையில பட்டாலும் தண்ணி போடப் பயப்பிடுறாங்க. அந்த விதி போத்தல் நிறைய இருக்கிற அமிலத்துக்குள்ள கொஞ்சத் தண்ணி விடுறதைப் பத்தினது. உங்கட கையில இருக்கிறது சொட்டு, பைப்பில வாறது வாளிக்கணக்கு. துணியாலத் துடைச்சுக்கொண்டு நிக்காதீங்க, ஈரத் துணியைப் பொத்திப் பிடிக்காதீங்க, பைப்பை முழுக்கத் திறந்து ஒரு 20 நிமிஷம் பிடிங்க. எரிவு நிண்டுட்டு எண்டு அஞ்சு நிமிஷத்தில கையை எடுக்கிறதும் கூடாது. உடுப்பில பட்டா உடுப்பைக் கழட்டுங்க, வெக்கம் பாக்கிற நேரம் இல்ல அது, தங்கச்சிமாரைச் சுத்தி மற்றப் பிள்ளையள் லேப் கோட்டை விரிச்சுப் பிடிச்சு மறைச்சுக்கொள்ளலாம், நாங்க ஆம்பிளப் பிள்ளையளை வெளிய அனுப்புவம். பற்பசை, தேங்காயெண்ணெய், கற்றாழை ஒண்டும் பூச வேணாம்.

சிங்குக்குப் பக்கத்தில பைகாபனேட் போத்தல் வைச்சிருக்கிறது மேசையில கொட்டுண்ட அமிலத்துக்கு. மேசைக்கு தோலும் இல்ல கண்ணும் இல்ல, அங்க தாராளமாத் தூவுங்க.

தண்ணிக்கு முதல் வேற ஏதும் செய்ய வேண்டிய இடம் ஒண்டு ரெண்டு இருக்கு, சோடியம் துண்டு தோலில ஒட்டினா முதல் ஃபோர்செப்ஸால எடுக்கவேணும், பிறகு தான் தண்ணி. தூள் எண்டா முதல் தட்டி விடவேணும். அவ்வளவு தான்.

கண் எண்டு வந்தா நான் இன்னும் கடுமையாச் சொல்லுவன். பிள்ளையளுக்கு அமிலத்துக்குத் தான் பயம், கோஸ்டிக் சோடாவை சோப்புக்குப் போடுற சாமான் எண்டு லேசா எடுக்குதுகள். கண்ணுக்கு அமிலத்தை விட மோசம் காரம் தான். அமிலம் மேற்பக்கப் புரதத்தை உறைய வைக்கும், அந்த உறைஞ்ச படையே ஓரளவு தடுப்பா நிக்கும். காரம் கரைச்சுக் கரைச்சு உள்ளுக்குப் போய்க்கொண்டே இருக்கும், ஆரம்பத்தில பெரிசா நோகாமலும் இருக்கலாம். இமையை விரலால விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு குறைஞ்சது 15 நிமிஷம், காரம் எண்டா இன்னும் கூட, ஓடுற தண்ணியில கழுவவேணும், கழுவக் கழுவ இன்னொராள் 1990 அம்புலன்ஸுக்கு கோல் எடுக்கவேணும். கொன்டாக்ட் லென்ஸ் போட்டா கழட்டவேணும், ஆனா கழட்டுறதுக்காகக் கழுவுறதைப் பிந்தப் போடாதீங்க. இதெல்லாம் வராமல் இருக்க ஒரு கண்ணாடி இருக்கு, அதை நெத்தியில தூக்கி விட்டுக்கொண்டு நிக்கிறாக்களைப் பாத்தா எனக்குப் பத்திக்கொண்டு வரும். நம்மட பிரக்டிகல் முடிஞ்சுது மிஸ் எண்டு கழட்டுறீங்க, பக்கத்து மேசையில ஒரு பிள்ளை லசேன் டெஸ்டுக்கு சிவக்கச் சூடாக்கின குழாயைத் தண்ணிக்குள்ள போட்டு உடைக்குது. லேப் கதவுக்கு வெளிய போன பிறகு கழட்டுங்க.

அடுத்தது ஈதர், லேசா ஆவியாகிப் பத்துற கரைப்பான். லேப் மனுவலை எழுதினாக்கள் குளிர் நாட்டுக்காரர். டைஎதைல் ஈதரிண்ட கொதிநிலை 34.6 பாகை, எங்கட ஊரில மே, ஜூன்ல கச்சான் காத்து வீசேக்க மத்தியானம் 35க்கு மேல போறது புதினமில்ல. அண்டைக்கு ஜன்னலோரம் வெயில் படுற மேசையில ஈதர் பீக்கரை வைச்சா அது தானாவே கொதிக்கத் தொடங்கும். ஆவி காத்தை விடப் பாரம், அதால மேலே போகாது, மேசையோட, நிலத்தோட ஊர்ந்து மற்ற மேசை வரைக்கும் போகும். அங்க ஒரு பேர்னர் எரிஞ்சா போதும். நெருப்பே இல்ல மிஸ், ஹொட்பிளேட் தானே எண்டு சொல்லுற பிள்ளையள் இதையும் கேளுங்க, ஈதர் பத்துறதுக்கு சுவாலை வேணுமெண்டு இல்ல, 200 பாகை கூட வராத ஒரு சூடான தட்டே காணும். அதால ஈதர் எடுக்கிற நாளில லேப்ல ஒருத்தரும் பேர்னர் பத்த வைக்கக்கூடாது, போத்தல் ஃபியூம் கப்போர்டை (ஆவியை உறிஞ்சி வெளிய விடுற கண்ணாடிக் கூடு) விட்டு வெளிய வரக்கூடாது, எடுத்த கையோட மூடியைப் பூட்டவேணும். கரண்ட் நிண்டா ஃபியூம் கப்போர்டிண்ட காத்தாடியும் நிக்கும், 2022ல 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் போன நாட்களில பிரக்டிகல் நடத்தினவைக்கு இது நல்லாத் தெரியும். கரண்ட் போன உடன போன் டோர்ச் அடிச்சுக்கொண்டு வேலையைத் தொடராதீங்க, ஹீட்டர் சுவிச்சை ஓஃப் பண்ணி, கண்ணாடிக் கதவை இறக்கிப்போட்டு வெளிய வாங்க. தண்ணி நிண்டாலும் அப்பிடித்தான், ஆவியைக் குளிராக்கித் திரும்பத் திரவமாக்கிற கண்டென்சருக்குள்ள தண்ணி ஓடாட்டி ரிஃப்ளக்ஸில இருக்கிற கரைப்பான் முழுக்க உங்கட மூக்குக்குத் தான் வரும். பிரக்டிகல் தொடங்க முதல் கண் கழுவுற ஐவோஷ் பைப்பை ஒருக்காத் திறந்து தண்ணி வருதா எண்டு பாருங்க, வராட்டி தொடங்காதீங்க, எங்களுக்குச் சொல்லுங்க.

தேயிலையில இருந்து கஃபீன் எடுக்கிற பிரக்டிகல் எல்லாருக்கும் விருப்பம், வீட்டுச் சாமான் எண்டதால பயமும் இல்லாமப் போயிடுது. அதில கஃபீனைக் கரைச்சு எடுக்கிறது டைகுளோரோமீதேனால, கொதிநிலை 40 பாகை. ரெண்டு திரவப் படையைப் பிரிக்கிற செப்பரேட்டிங் ஃபனலைக் கையில பிடிச்சாலே கைச்சூட்டுக்கு உள்ளுக்குள்ள அமுக்கம் கூடும், குலுக்கினா இன்னும் கூடும், திறந்து விடாமக் குலுக்கிக்கொண்டே போனா குலுக்கின சோடாப் போத்தல் மாதிரி ஸ்டொப்பரைத் தள்ளிக்கொண்டு வெளிய வரும். ரெண்டு தரம் மெதுவாப் பிரட்டுங்க, குழாய் வாயை ஆளில்லாத பக்கம் பிடிச்சுத் திறந்து காத்தை விடுங்க, திரும்பப் பிரட்டுங்க. கிளவுஸ் போட்டிருக்கன் தானே எண்ட தைரியம் இங்க உதவாது, லேப்ல குடுக்கிற மெல்லிய நைட்ரைல் கிளவுஸுக்குள்ளால டைகுளோரோமீதேன் ஒரு நிமிஷத்திலயே பூந்திடும், உள்ளுக்குப் போனது வெளிய ஆவியாகவும் ஏலாம தோலோட ஒட்டிக்கொண்டு எரிக்கும். கிளவுஸில பட்டா உடன கழட்டி, கையைக் கழுவி, புதுசு போடுங்க. கரன் வெட்டர்ஹான் எண்டு டார்ட்மத் கல்லூரியில பேர் போன இரசாயனப் பேராசிரியை ஒராள், 1996ல லேடெக்ஸ் கிளவுஸுக்கு மேல டைமீதைல் மேர்க்கரி எண்ட கொடிய நஞ்சு சில சொட்டு விழுந்து, கிளவுஸுக்குள்ளால பூந்து, அடுத்த வருஷம் ஜூன்ல மோசம் போனவ. நீங்க அந்தச் சாமானைத் தொடப்போறதில்ல, ஆனா எந்தக் கிளவுஸ் எதைத் தடுக்கும் எண்டு கேட்டுத் தெரிஞ்சு போடுங்க. அந்தக் கிளவுஸோடயே போனை எடுத்து, கதவைத் திறந்து, மூக்கைச் சொறியிற பழக்கத்தையும் இண்டையோட விடுங்க.

உடுப்பைப் பத்திச் சொன்னா கோவம் வரும், பரவாயில்ல. மணலுக்கும் வெக்கைக்கும் செருப்புத் தான் சுகம், எனக்கும் தெரியும், ஆனா லேப்புக்கு முன்பக்கம் மூடின சப்பாத்து. ஷோல், ஹிஜாப் போடுற பிள்ளையள் நுனியை லேப் கோட்டுக்குள்ள செருகிக்கொள்ளுங்க, பருத்தித் துணியாப் பாருங்க, பொலியெஸ்டர் நெருப்புக்கு உருகித் தோலோட ஒட்டிடும். கோட்டிண்ட பொத்தானைப் பூட்டுங்க தயவுசெய்து. 2008 டிசம்பர் 29 அமெரிக்காவில யுசிஎல்ஏ பல்கலைக்கழக லேப்ல ஷெரி சங்ஜி எண்ட 23 வயசுப் பிள்ளை காத்துப் பட்டாலே பத்துற ஒரு திரவத்தை சிரிஞ்சில இழுக்கேக்க பிஸ்டன் கழண்டிட்டு, உடுப்பில நெருப்புப் பிடிச்சிட்டு. லேப் கோட் இல்ல, போட்டிருந்தது சிந்தெடிக் ஸ்வெட்டர். 18 நாளில உயிர் போயிட்டு. கோட்டைப் போட்டுக்கொண்டு கன்ரீனுக்கு வாறதையும் சேத்துச் சொல்லுறன், நீங்க சோறு சாப்பிடுற மேசையில அனிலீனைக் கொண்டு வந்து தேய்க்கிறீங்க, அனிலீன் தோலாலயே உள்ளுக்குப் போற நஞ்சு.

அல்டிஹைட்டைக் கண்டுபிடிக்கிற டொலன்ஸ் டெஸ்ட் செய்து வெள்ளிக் கண்ணாடி வந்தா வடிவா இருக்கும், போட்டோ எடுங்க, எடுத்திட்டு ஐதான அமிலம் விட்டு உடனயே கழிவுப் போத்தலுக்கு. நாளைக்கும் பாவிப்பம் எண்டு மிச்சத்தை எடுத்து வைக்காதீங்க, நாள்பட நிண்டா வெடிக்கிற வெள்ளிச் சேர்வை உருவாகும். கழிவுப் போத்தலில எழுதியிருக்கிறதை வாசிச்சிட்டு ஊத்துங்க. எதனோலோ அசற்றோனோ கிடக்கிற போத்தலுக்குள்ள நைத்திரிக் அமிலத்தை ஊத்தி மூடியை இறுக்கிப்போட்டு வீட்டுக்குப் போனா, இரவில ஒருத்தரும் இல்லாத நேரம் அது வெடிக்கும். திரவம் திடீரெண்டு பொங்காம இருக்கப் போடுற கொதிகற்களை சூடாக்க முதல் போடுங்க. மறந்தா ஆற விட்டுப் போடுங்க, சூட்டோட போட்டா முழுக்கப் பொங்கி முகத்துக்கு வரும். வாயால பிப்பெட் இழுக்கிறவரை நான் கண்டா அண்டைக்கு அவருக்குப் பிரக்டிகல் இல்ல.

ஒரு விஷயம் மட்டும் கெஞ்சிக் கேக்கிறன். தமிழ் மீடியத்தில படிச்சு வந்து முதல் தரம் இங்கிலீஷ் மனுவலைப் பிடிக்கிற பிள்ளையள், விளங்காட்டி கேக்கிறதுக்கு வெக்கப்படாதீங்க. முன்னுக்கு நிக்கிற பிள்ளை செய்யுறதைப் பாத்து அப்பிடியே செய்வம் எண்டு நினைக்கிறீங்க, அந்தப் பிள்ளையும் அதுக்கு முன்னுக்கு நிக்கிற பிள்ளையைப் பாத்துத் தான் செய்யுது. முதல் நாள் இரவே மனுவலை வாசிச்சு, ஒவ்வொரு சாமானுக்கும் நேர கொதிநிலை, பத்துமா, தோலை அரிக்குமா எண்டு தமிழிலயே உங்கட கொப்பியில எழுதிக்கொண்டு வாங்க, நாங்க அதுக்கு மாக்ஸ் குறைக்க மாட்டம். போத்தலில சிவப்புக் கரை போட்ட சதுரத்துக்குள்ள சுவாலைப் படம், கையை அரிக்கிற படம், மண்டையோட்டுப் படம் இருக்கு, அதுக்கு மொழி தேவையில்ல.

ஏதும் நடந்தா மறைக்காதீங்க. பேச்சு விழும், மாக்ஸ் வெட்டுவாங்க எண்டு பீனோல் பட்ட கையை பொக்கட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு பஸ் ஏறிப் போன தம்பியும் இருக்கிறார். பீனோல் பட்ட இடம் வெள்ளையா வெளிறி மரத்துப்போகும், நோவு இல்லாததால ஒண்டுமில்ல எண்டு நினைச்சிட்டார், அது தோலால உள்ளுக்கும் போகும். பேசுறது நாங்க பேசுவம் தான், அது வேற. கழுவிப்போட்டு அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க, தனியப் போகாதீங்க, போகேக்க என்ன சாமான், எவ்வளவு செறிவு, எத்தனை மணிக்குப் பட்டது, எவ்வளவு நேரம் கழுவினது எண்டு ஒரு துண்டில எழுதிக்கொண்டு போங்க, ஈடியூவில (அவசர சிகிச்சைப் பிரிவு) டொக்டர் முதல் கேக்கிறது அதைத்தான்.