பேக்னா முதுகா, பின்னாடி போறதா? செக் மொழிக்கு வார்த்தை அனுப்பறவங்களுக்கு ஒரு வேண்டுகோள்

செக் நாட்டுல ப்ர்னோன்னு ஒரு ஊர், பிராக்குக்கு அடுத்து ரெண்டாவது பெரிய நகரம், அங்க ஒரு மொழிபெயர்ப்பு கம்பெனில பல வருஷமா வேலை பாக்கறேன். செக் மொழில எழுதறது நான் இல்ல, அதை அந்த மொழியைத் தாய்மொழியா பேசறவங்கதான் செய்வாங்க, செய்யவும் வேணும். ஆங்கில ஃபைலை வாங்கி, எந்த வார்த்தை எங்க வருதுன்னு பாத்து, சந்தேகத்தை கேட்டு வாங்கி, முடிஞ்சதும் ஸ்க்ரீன்ல சரியா உக்காந்திருக்கான்னு சோதிக்கறதுதான் என் வேலை. இதை ஏன் தமிழ்ல எழுதறேன்னா, எங்களுக்கு வர்ற ஆங்கில ஃபைல்ல நிறைய, சென்னைலயும் கோயம்புத்தூர்லயும் பெங்களூர்லயும் உக்காந்து நம்ம பசங்க ப்ரோகிராம் கோடுக்குள்ள டைப் பண்ணினது. அவங்க டைப் பண்ற ஒத்த வார்த்தை இங்க ஒரு பாட்டியோட கைல போய் என்ன ஆகுதுன்னு அவங்களுக்குத் தெரிய வழியே இல்ல, அந்த வழியைத்தான் கொஞ்சம் திறந்து வைக்கலாம்னு பாக்கறேன்.

பாட்டின்னு சும்மா சொல்லல. சில வருஷம் முன்னாடி ஒரு பிசியோதெரபி ஆப் வந்துது. வயசானவங்க வீட்லயே உடற்பயிற்சி செய்யறதுக்கு, முதல் ஸ்க்ரீன்லயே எங்க வலிக்குதுன்னு தொட்டு சொல்லணும். கம்பெனி பேர் வேண்டாம். ஃபைல் எப்படி வந்துதுன்னா, அகர வரிசைல வெறும் வார்த்தைங்க, பேக், காஃப், செஸ்ட், லெஃப்ட், நியூ, டெம்பிள், இப்படி. எது பட்டன், எது உடம்பு பாகம், எது தலைப்புன்னு ஒண்ணுமே இல்ல. எங்க வேலைல டிரான்ஸ்லேஷன் மெமரின்னு ஒண்ணு உண்டு, முன்னாடி மொழிபெயர்த்ததை எல்லாம் சேத்து வச்சிருக்கும், அதே வார்த்தை திரும்ப வந்தா பழசை எடுத்து தானா நிரப்பிடும். நூறு சதவீதம் பொருந்துதுன்னு காட்டும். அப்படி பொருந்தினதுக்கு காசும் கம்மி, அதனால பல இடத்துல அதை யாரும் திரும்பப் பாக்கறதும் இல்ல. இங்கயும் அதுதான் நடந்துது.

காஃப்னா கெண்டைக்கால், செக்ல லீத்கோ. ஆனா மெமரில ஏற்கனவே ஒரு குழந்தைகள் படப் புத்தகம் கிடந்துது, அதுல காஃப்னா கன்னுக்குட்டி, தெலே. டெம்பிள்னா நெத்திப் பொட்டு, கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல இருக்கற இடம், ஆனா மெமரில ஒரு சுற்றுலா கையேடு கிடந்துது, ஹ்ராம், கோயில். இது ரெண்டையும் பாத்த உடனே பிடிச்சிட்டோம், ஏன்னா கன்னுக்குட்டி வலிக்குது, கோயில் வலிக்குதுன்னு வந்தா யாருக்கும் கண்ணுல படும். கண்ணுல படாதது பேக். மெமரில பேக்னா ஸ்பியெத், அதாவது முந்தின பக்கத்துக்குப் போ, எந்த சாஃப்ட்வேர்லயும் இருக்கற பட்டன். முதுகுக்கு செக்ல ஸாதான்னு தனி வார்த்தை. ஸ்பியெத்னு ஒரு பட்டன் ஸ்க்ரீன்ல இருந்தா யாருக்கு சந்தேகம் வரும்? நான் பாத்தேன், நானும்தான் தாண்டிப் போனேன்.

ஆப்பை சோதிச்சுப் பாக்க வந்த ஒரு அம்மாவுக்கு எழுபது வயசுக்கு மேல, பல வருஷ முதுகுவலி. கழுத்து இருக்கு, தோள் இருக்கு, முட்டி இருக்கு, முதுகு மட்டும் இல்ல. கடைசில ஒண்ணையும் தொடாம டேப்லெட்டை மடில வச்சுட்டு, எனக்கு இருக்கறது இதுல இல்ல போலிருக்கு, வேற யாருக்காவது செஞ்சிருப்பாங்கன்னு மெதுவா சொன்னாங்க. தப்பு ஆப்ல இருக்குன்னு அவங்களுக்குத் தோணவே இல்ல, தன் மேலதான்னு எடுத்துக்கிட்டாங்க. அந்த முகம் இன்னும் மறக்கல, அதுக்கப்பறம்தான் இந்த ஒத்த வார்த்தை விஷயத்துல நான் பிடிவாதக்காரன் ஆனேன்.

தமிழ் பேசறவங்களுக்கு இதைப் புரிய வைக்கறது சுலபம்னு நினைக்கறேன். ஒரு வெள்ளைக்காரர் பிரதர்ங்கறதுக்கு தமிழ்ல என்னன்னு கேட்டா நாம என்ன செய்வோம், அண்ணனா தம்பியான்னுதானே திருப்பிக் கேப்போம். அதைக் கேக்காம ஒண்ணை எழுதினா பாதி நேரம் தப்பாத்தான் இருக்கும். செக்காரங்களுக்கு அண்ணன் தம்பி ரெண்டுமே ஒரே வார்த்தைதான், ஆனா அவங்க கேக்கற இடம் வேற. நோ, அதாவது தெரியும்ங்கறதை எடுத்துக்கோங்க. விஷயம் தெரியும்னா வியெத்யெத், ஆளையோ ஊரையோ தெரியும்னா ஸ்நாத், நீச்சல் தெரியும்னா உம்னியெத். தமிழ்ல மூணுக்கும் தெரியும்னே சொல்லிடலாம், ஆங்கிலத்துலயும் சொல்லிடலாம், செக்ல முடியாது. போறதும் அப்படித்தான், நடந்து போறதுக்கு ஒரு வினை, வண்டில போறதுக்கு வேற வினை. கோங்கற பட்டனைப் பாத்தா மொழிபெயர்ப்பாளர் யோசிக்கறது, யார் எப்படி எங்க போறாங்கன்னு. ஹோம்னு மெனுல இருந்தா வீட்டுக்கான்னும் எழுதலாம் வீட்லன்னும் எழுதலாம், தோமூ, தோமா, ரெண்டும் வேற. சேவ்னா ஃபைலை சேமிக்கறது உலோஷித், காசு மிச்சம் பண்றது உஷெத்ர்ஷித், உயிரைக் காப்பாத்தறது ஸஹ்ரானித். ஃப்ரீன்னா காசில்லாம கிடைக்கறது ஸ்தர்மா, சீட்டு காலியா இருக்கறது வோல்னீ, விடுதலையா இருக்கறது ஸ்வொபொத்னீ, இந்த கடைசி வார்த்தைக்கே கல்யாணம் ஆகாதவர்ங்கற அர்த்தமும் உண்டு, அதனால ஃபார்ம்ல அது எந்த கட்டத்துல வருதுங்கறது முக்கியம்.

இது வரைக்கும் அகராதி பாத்தா தெரியற விஷயம். அகராதில கிடைக்காத இன்னொரு பக்கம் இருக்கு, அதைத்தான் டெவலப்பருங்க யாரும் எதிர்பாக்கறதில்ல. நியூங்கறதுக்கு ஒரே ஒரு அர்த்தம்தானே, புதுசு, அதுல என்ன குழப்பம்னு கேப்பாங்க. செக்ல பெயர்ச்சொல்லுக்கு மூணு பால் இருக்கு, முன்னாடி வர்ற பெயரடையும் சேந்து மாறும். புது ஃபைல்னா நோவீ, புது மெசேஜ்னா நோவா, புது விண்டோன்னா நோவே. ஒரே நியூங்கற வார்த்தையை மூணு இடத்துல போட்டு வச்சா மூணுல குறைஞ்சது ரெண்டு இடம் தப்பு. லெஃப்ட் அதை விட மோசம். மூணு நாள் மிச்சம்ங்கற லெஃப்ட்டுக்கு வேற வினை, இடது பக்கம்ங்கற லெஃப்ட்டுக்கு வேற வார்த்தை, அந்த இடதுலயும் இடது முழங்கைன்னா லெவீ, இடது கால்னா லெவா, இடது முட்டின்னா லெவே. லெஃப்ட்டை ஒரு தடவை எழுதி வச்சுட்டு பக்கத்துல பாகத்தோட பேரை கோடு ஒட்டிக்கும்னா ஆங்கிலத்துல அழகா வேலை செய்யும், செக்ல உடையும்.

எண்ணிக்கைலயும் இதே கதைதான். தமிழ்ல ஒண்ணுன்னா ஃபைல், ஒண்ணுக்கு மேலன்னா ஃபைல்கள், முடிஞ்சுது. செக்ல ஒண்ணுக்கு சோவ்பொர், 2 முதல் 4 வரைக்கும் சோவ்போரி, 5ல இருந்து சோவ்போரூ, ஒண்ணரை மாதிரி பின்னம் வந்தா அதுக்கு இன்னொரு வடிவம். உலக மொழிங்க எல்லாத்துக்கும் கம்ப்யூட்டர்ல பொது விதி வகுக்கற யூனிகோட்காரங்க வச்சிருக்கற பட்டியல்லயே செக்குக்கு நாலு வகைன்னு இருக்கும், தமிழுக்கு ரெண்டு. இன்னைக்கு உடற்பயிற்சி செஞ்சீங்களான்னு கேக்கறதுல கூட கேக்கப்படறவர் ஆணா பொண்ணான்னு தெரியணும், வினை அதுக்கேத்த மாதிரி மாறும், தமிழ்ல நீங்கன்னு மரியாதையா சொல்லிட்டா அந்தப் பிரச்சனை இல்ல. நீயா நீங்களாங்கற தேர்வு மட்டும் அவங்களுக்கும் நமக்கும் ஒண்ணு. வயசானவங்க பயன்படுத்தற ஆப்ல நீன்னு போட்டா இங்கயும் முகம் சுளிப்பாங்க, அதை ஆங்கில யூ சொல்லித் தராது.

நான் ரொம்ப பயப்படறது ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட ஃபைல்தான். டிஸ்சார்ஜ்னு ஒத்த வார்த்தை வரும். நோயாளியை வீட்டுக்கு அனுப்பறதுன்னா ப்ரொபுஷ்த்யெனீ, புண்ணுலயோ உடம்புலயோ இருந்து வடியறதுன்னா வீதொக், மானிட்டரோட பேட்டரி தீர்றதுன்னா விபித்யீ. மூணுமே ஒரே வார்டுல, ஒரே நாள்ல, ஒரே ஃபார்ம்ல வரக்கூடிய விஷயம், அதனால சுத்தி இருக்கற வார்த்தைங்களை வச்சு ஊகிக்கறதும் கஷ்டம். ட்ரக்னா மருந்துக்கு லேக், போதைப்பொருளுக்கு த்ரோகா. நீங்க ஏதாவது ட்ரக் எடுக்கறீங்களான்னு ஆங்கிலத்துல கேட்டா அது ரெண்டுல எதுன்னு ஆங்கிலக்காரங்களுக்கே சந்தேகம்தான், ஆனா செக்ல ரெண்டும் ரெண்டு தனிக் கேள்வி, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடற ஒருத்தர்கிட்ட ரெண்டாவது கேள்வியைக் கேட்டா இல்லன்னு எழுதிட்டுப் போயிடுவார், டாக்டருக்கு அந்த மாத்திரை தெரியாமலே போயிடும். ஸ்டூல்னா மலம், ஸ்தொலித்செ. உக்கார்ற குட்டி முக்காலிக்கு ஸ்தொலிச்கா, அதுக்கே கடைவாய்ப் பல்லுன்னும் அர்த்தம் இருக்கு. லேபுக்கு எதைக் கொண்டு வரச் சொல்றாங்கன்னு நோயாளி குழம்பக் கூடாது.

எல்லா வார்த்தையும் காலை வாரும்னு இல்ல, சிலது ஆச்சரியமா ஒத்துப் போகும். ஆங்கிலத்துல கொக்கு இனத்துப் பறவைக்கும் பாரம் தூக்கற கிரேனுக்கும் ஒரே பேர், செக்லயும் ரெண்டுக்கும் ஒரே பேர். ராஜா தலைல இருக்கற கிரீடம் கொருனா, இந்த நாட்டு காசும் கொருனா, மரத்தோட உச்சித் தழையும் கொருனா, பல்லுக்குப் போடற க்ரௌன் மட்டும் கொஞ்சம் மாறி கொருன்கா. நம்ம ஊர் ஆஸ்பத்திரில நர்ஸை சிஸ்டர்னு கூப்பிடறோமே, இங்கயும் நர்ஸ் செஸ்த்ராதான், கூடப் பிறந்தவளும் செஸ்த்ராதான். முதல் தடவை இங்க ஒரு ஆஸ்பத்திரில அந்த வார்த்தையை காதுல கேட்டப்ப மனசு லேசாச்சு. அந்த நெத்திப் பொட்டுக்கு செக்ல ஸ்பாநெக், அதே வார்த்தைக்கு தூக்கம்னும் அர்த்தம், அதனால திருத்தினப்பறம் அந்த ஆப்ல தூக்கம் பத்தின பக்கத்துலயும் ஸ்பாநெக், தலைவலி பக்கத்துலயும் ஸ்பாநெக். மொழிக்குள்ளயே இருக்கற அந்த ரெட்டை அர்த்தத்தை செக்காரங்க கண்டுக்கறதே இல்ல, சிரமம் எல்லாம் ரெண்டு மொழியும் அர்த்தத்தைப் பிரிக்கற எல்லை வேற வேற இடத்துல விழறப்பதான்.

எண்ணுலயும் ஒரு பள்ளம் இருக்கு. ஆங்கில பில்லியனைப் பாத்து அதே மாதிரி ஒலிக்கற செக் பிலியோனைப் போட்டா ஆயிரம் மடங்கு ஏறிடும், ஏன்னா இவங்க பிலியோன் ஒரு லட்சம் கோடி, ஆங்கில பில்லியனோ 100 கோடி, அதுக்கு இங்க மிலியார்தான்னு பேர். அவசரத்துல நல்ல மொழிபெயர்ப்பாளரே வழுக்கற இடம் இது, தொகை வர்ற ஃபைல்னா நான் அதை மட்டும் தனியா ஒரு தடவை தேடிடுவேன்.

இப்ப மெஷின் எல்லாம் பாத்துக்கும்னு பல பேர் சொல்றாங்க. மெஷினை நான் குறைச்சு சொல்ல மாட்டேன். பிராக்ல இருக்கற சார்லஸ் பல்கலைக்கழகத்துல கபிட்னு ஒரு சிஸ்டம் செஞ்சு 2020ல நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழ்ல ஆய்வா வெளியிட்டாங்க, ஆங்கிலச் செய்தியை செக்ல மாத்தறப்ப அர்த்தம் பிசகாம கொண்டு போறதுல தொழில்முறை ஏஜென்சி மொழிபெயர்ப்பையே அது தாண்டினதா மதிப்பீட்டுல வந்துது, சரளமா படிக்கறதுல மட்டும் மனுஷங்க எழுதினது மேல இருந்துது. ஆனா அதுக்குக் கொடுத்தது முழு செய்தி. முன்னாடி பின்னாடி வாக்கியம் இருந்துது. வெறும் பேக்னு நாலு எழுத்தைக் கொடுத்தா உலகத்துல எந்த மெஷினுக்கும் எந்த மனுஷனுக்கும் முதுகா பட்டனான்னு தெரியாது, அந்தத் தகவல் அந்த வார்த்தைக்குள்ள இல்லவே இல்ல. அது டைப் பண்ணினவர் மண்டைல மட்டும்தான் இருக்கு.

அதனால டைப் பண்றவங்ககிட்டதான் கேக்கறேன். ஸ்க்ரீன்ல வர்ற வார்த்தைங்களை மொழிபெயர்ப்புக்குத் தனியா எடுத்துத் தர்ற கெட்டெக்ஸ்ட் கருவியைப் பயன்படுத்தறீங்கன்னா வார்த்தைக்கு சூழல் எழுதறதுக்குன்னே ஒரு வரி இருக்கு, பேக்குக்கு நேரா பட்டன்னோ உடம்புன்னோ எழுதிட்டா ரெண்டும் தனித்தனி வார்த்தையா வந்து சேரும். ஆண்ட்ராய்டுல ஸ்ட்ரிங்குக்கு, அதாவது ஸ்க்ரீன்ல வர்ற வார்த்தைக்கோ வரிக்கோ, மேல கமெண்ட் எழுதலாம், ஐஓஎஸ்ல கமெண்ட்டுக்குன்னே இடம் விட்டிருக்காங்க, பெரும்பாலும் காலியாத்தான் வருது. ஒரே வார்த்தைதானேன்னு ஒரு ஸ்ட்ரிங்கை ரெண்டு இடத்துல உபயோகிக்காதீங்க. ஒரு வானிலை ஆப்ல பட்டனுக்கு வச்சிருந்த கிளியரையே தெளிவான வானத்துக்கும் எடுத்துட்டாங்க, செக்ல நாளைக்கு வானிலைன்னு போட்டு பக்கத்துல அழிக்கவும்னு நின்னுது, யாஸ்னோன்னு இருந்திருக்கணும். ஸ்க்ரீன்ஷாட் ஒண்ணு கூட அனுப்பினா பாதிக் கேள்வி அங்கயே தீந்துடும்.

மொழிபெயர்க்கறவங்களுக்கும் ஒண்ணு. கேள்வி கேட்டா நமக்குத் தெரியலன்னு நினைச்சுப்பாங்களோன்னு புதுசா வர்றவங்க கூச்சப்படறாங்க. நான் பாத்த வரைக்கும் அனுபவசாலிதான் நிறைய கேக்கறாங்க, புதுசா வந்தவங்க ஊகிச்சு நிரப்பிட்டு நேரத்துக்கு அனுப்பிடறாங்க. செக் தேசிய மொழித்தொகுப்புல இன்டர்கார்ப்னு, ஒரே நூலை பல மொழில பக்கத்துல பக்கத்துல வச்ச இணைத்தொகுப்பு இருக்கு, அதுல இருந்து எடுத்த த்ரெக்னு ஒரு கருவி, ஒரு ஆங்கில வார்த்தையைக் கொடுத்தா இதுவரை அதை செக்ல என்னென்னவா எத்தனை தடவை மாத்தியிருக்காங்கன்னு வரிசையா காட்டும். அதுல ஆர்டர்னு போட்டுப் பாருங்க, கடைல கொடுக்கற ஆர்டர், ராணுவக் கட்டளை, வரிசைக் கிரமம், வீடு ஒழுங்கா இருக்கறது, சாமியார்கள் சபைன்னு நீளமா இறங்கும். அந்தப் பட்டியலை அப்படியே படம் எடுத்து கிளையண்டுக்கு அனுப்பினா, ஏன் கேக்கறோம்னு நாம விளக்கவே வேண்டாம்.

அந்த பிசியோதெரபி ஆப்போட ஆங்கில ஃபைல் வேலையைப் பாத்தது கோயம்புத்தூர்ல இருக்கற ஒரு பொண்ணு. அந்த அம்மா சொன்னதை அப்படியே போன்ல சொன்னேன், கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, அப்பறம், அண்ணா ஃபைலை நானே திரும்ப எழுதித் தரேன், ரெண்டு நாள் குடுங்கன்னு சொல்லுச்சு. நாலாவது நாள் வந்துது. ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்துல அது பட்டனா, தலைப்பா, உடம்பு பாகமான்னு எழுதியிருந்துது, எந்த ஸ்க்ரீன்னு நம்பர் போட்டிருந்துது, லெஃப்ட்ங்கறதை எடுத்துட்டு இடது முழங்கை, இடது கால், இடது முட்டின்னு முழுசா மூணு வரி. கீழ ஒரு குறிப்பு, அண்ணா, ரைட்டும் இதே மாதிரி பிரிச்சிருக்கேன், வேற எதாவது பிரிக்கணுமான்னு அங்க இருக்கற அக்காகிட்ட கேட்டு சொல்லுங்கன்னு. மொழிபெயர்ப்பாளர் அக்கா அந்த ஃபைல்ல கேட்டது மொத்தமே ரெண்டு கேள்வி. போன தடவை அதே ஃபைலுக்கு யாரும் ஒரு கேள்வி கூட கேக்கல.