புரோஸ்டேட்டில் ஒரு மண் பூஞ்சை: பி38.81 எப்போது பொருந்தும்?

புரோஸ்டேட் பயாப்சி அறிக்கையில் "கிரானுலோமா அழற்சி, எண்டோஸ்போர்கள் நிறைந்த ஸ்பெரூல்கள் காணப்படுகின்றன" என்று இருக்கிறது. மருத்துவரின் குறிப்பிலோ "நாள்பட்ட புரோஸ்டேட் அழற்சி" என்று மட்டும்தான். எந்தக் குறியீட்டைப் போடுவது? மெடிக்கல் கோடிங், அதாவது நோயாளியின் பதிவேட்டைப் படித்து நோய்க்கு உரிய எண்ணைப் போடும் வேலை, படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த அறிக்கையில் இருக்கும் ஸ்பெரூல் என்ன என்று தெரிந்துகொண்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

அது காக்சிடியாய்டிஸ் என்ற பூஞ்சை மனித உடலுக்குள் எடுக்கும் வடிவம். அரிசோனா, கலிபோர்னியாவின் சான் வாகீன் பள்ளத்தாக்கு, மெக்சிகோ, தென் அமெரிக்காவின் சில பகுதிகள் என வறண்ட மண்ணில் வாழ்வது. மண்ணில் இருக்கும்போது இது வெறும் இழை. இழையில் ஒன்றுவிட்டு ஒரு செல் செத்து வெற்றுக்கூடாகிறது; இடையிலுள்ள செல்கள் தடித்த சுவரோடு உயிர் தாங்கி நிற்கின்றன. காற்றடித்தாலும் மண்ணைக் கிளறினாலும் வெற்றுச் செல்கள் உடைய, உயிரோடு நின்ற செல்கள் சில மைக்ரான் அளவேயான ஆர்த்ரோகொனிடியாக்கள் என்ற வித்துகளாகப் பறக்கின்றன. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகக்கூடிய நுண்மை.

உள்ளே போனதும் ஆள் மாறிவிடுகிறது. பீப்பாய் வடிவச் செல் உருண்டையாகிறது. உட்கரு பிரிந்துகொண்டே போகிறது, செல் மட்டும் பிரிவதில்லை. பிறகு சுவர் உள்நோக்கி வளர்ந்து, அந்த உருண்டையை அறை அறையாகத் தடுக்கிறது. முதிர்ந்த ஸ்பெரூல் 60 மைக்ரானைத் தாண்டி வளரும். மாதுளம்பழத்தில் முத்துக்கள் அடைந்திருப்பதுபோல உள்ளே நூற்றுக்கணக்கான எண்டோஸ்போர்கள், அதாவது குட்டி வித்துகள். கிருமிகளை விழுங்கும் நம் வெள்ளை அணுவான நியூட்ரோஃபிலின் குறுக்களவு ஏறத்தாழ 12 மைக்ரான்தான். தன்னைவிடப் பல மடங்கு பெரிய உருண்டையை அதனால் எப்படி விழுங்க முடியும்? ஸ்பெரூல் வெடித்து, எண்டோஸ்போர்கள் விழுங்கும் அளவில் சிதறும் நேரம்தான் உடலுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. அதற்கும் பூஞ்சையிடம் மாற்று உண்டு: எம்இபி1 என்ற நொதியைச் சுரந்து, எதிர்ப்பு மண்டலம் அடையாளம் காணும் மேற்பரப்புப் புரதத்தை அந்த நேரத்தில் சிதைத்துவிடுகிறது. தப்பிய ஒவ்வொரு எண்டோஸ்போரும் இன்னொரு ஸ்பெரூல் ஆகும். பரிணாமம் செதுக்கிய ஒளிந்துகொள்ளும் முறைகளில் இதற்கு இணையாக எனக்கு வேறொன்று தோன்றவில்லை.

தொற்று ஏற்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது, அல்லது சளிக்காய்ச்சல்போல வந்து போய்விடும். சுமார் 1 சதவீதத்தினருக்கு ரத்தத்தின் வழியே தோல், எலும்பு, மூளை உறை என்று பரவும். புரோஸ்டேட்டுக்குப் போவது அதிலும் அரிது. பி.எஸ்.ஏ. (ரத்தத்தில் அளக்கும் புரோஸ்டேட் புரதம்) உயர்ந்திருக்கிறதே, புற்றுநோயாக இருக்குமோ என்று பயாப்சி எடுக்கும்போதுதான் பல நேரம் தெரியவரும். ஜிஎம்எஸ் அல்லது பிஏஎஸ் சாயமிட்டால் ஸ்பெரூலின் சுவர் தெளிவாகத் தெரியும். திசுவைக் கல்ச்சருக்கு, அதாவது பூஞ்சையை வளர்த்துப் பார்க்க, அனுப்பினால் ஆய்வகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தட்டில் அது மறுபடி இழையாக வளரும். மூடியைத் திறப்பவர் நுரையீரலுக்குள் ஆர்த்ரோகொனிடியா போய்விடும்.

இனி கோடிங். அமெரிக்காவின் நோய்க் குறியீட்டுத் தொகுதியான ஐசிடி-10-சிஎம்-இல், காக்சிடியாய்டிஸ் புரோஸ்டேட்டைத் தாக்கும் இந்த நோய்க்கு பி38.81 என்று தனிக் குறியீடே இருக்கிறது. பூஞ்சையும் உறுப்பும் ஒரே எண்ணில் அடங்கிவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐசிடி-10-இல் பி38.8, அதாவது "பிற வடிவங்கள்", என்பதோடு சரி. பிளாஸ்டோமைசிஸ் என்ற இன்னொரு பூஞ்சை புரோஸ்டேட்டைத் தாக்கினால் இப்படித் தனி எண் கிடையாது, அது பி40.89-க்குள் போகும்.

வாசகர் சொன்ன சார்ட்டில் (நோயாளியின் பதிவேட்டில்) தவறு நேரக்கூடிய இடம் "கிரானுலோமா", அதாவது எதிர்ப்புச் செல்கள் திரண்ட முடிச்சு, என்ற சொல். அதைப் பார்த்ததும் கிரானுலோமா வகைப் புரோஸ்டேட் அழற்சிக்கான என்41.4-ஐப் போட்டுவிடத் தோன்றும். ஆனால் அந்தச் சொல் காரணத்தைச் சொல்வதில்லை: சிறுநீர்ப்பைப் புற்றுக்கு பிசிஜி மருந்து செலுத்திய பிறகும் புரோஸ்டேட்டில் கிரானுலோமா வரும். காரணமற்ற கிரானுலோமாவுக்குச் சிலர் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். பூஞ்சை இருக்கும் உடலில் அது நோயைப் பரப்பிவிடும். சார்ட்டில் பூஞ்சையின் பெயர் விடுபடுவது நோயாளியின் உயிரோடு விளையாடுவது.

புறநோயாளி என்றால், பயாப்சியைப் படித்த நோயியல் நிபுணரும் மருத்துவரே. இறுதி அறிக்கை கையில் இருந்து, அதில் காக்சிடியாய்டிஸ் தொற்று என்று நோயை உறுதியாகச் சொல்லியிருந்தால் பி38.81 போடலாம். "ஸ்பெரூல்கள்" என்று மட்டும் இருந்தால் கோடர் நோயைத் தானே முடிவுசெய்யக் கூடாது. "இருக்கலாம்" என்று எழுதியிருந்தாலும் போடக் கூடாது, ஆர்97.20, அதாவது பி.எஸ்.ஏ. உயர்வு, போன்ற அறிகுறிக் குறியீட்டோடு நிறுத்த வேண்டும்.

உள்நோயாளிக்கு விதி வேறு. நோயியல் அறிக்கையை மட்டும் வைத்துக் கோடு செய்யக் கூடாது, சிகிச்சை அளிக்கும் மருத்துவர் எழுதியாக வேண்டும். எழுதவில்லையென்றால் அவரிடம் விளக்கம் கேட்டு குவெரி அனுப்ப வேண்டும். அதில் பயாப்சி வரிகள், காம்ப்ளிமென்ட் ஃபிக்சேஷன் டைட்டர் (பூஞ்சைக்கு எதிரான எதிர்ப்புப் பொருளின் ரத்த அளவு), தொடங்கிய மருந்து ஆகியவற்றை அப்படியே கொடுத்து, "புரோஸ்டேட் அழற்சியின் காரணம் என்ன?" என்று கேட்கலாம். "இது காக்சிடியாய்டிஸ்தானே?" என்று கேட்டால் அது விடையை வாயில் திணிப்பது, தணிக்கையில் நிற்காது. டைட்டர் 1:16 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் பரவியிருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும், பரவிய நோய்க்கான பி38.7 அதைப் பொறுத்தது.

மனிதரைத் தாக்கும் எந்தப் பூஞ்சைக்கும் இன்றுவரை அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இல்லை. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முன்னுரிமைப் பட்டியலில் காக்சிடியாய்டிஸ் இடம்பெற்றும், பூஞ்சை ஆய்வுக்குப் போகும் நிதி போதவே போதாது என்பது என் உறுதியான கருத்து. நிதி கேட்பவர்கள் கையில் இருக்கும் சான்றுகளில் மருத்துவமனைக் குறியீடுகளிலிருந்து எடுக்கும் எண்ணிக்கையும் ஒன்று. இந்தப் பூஞ்சை இருந்தும் என்41.9, அதாவது வகை குறிப்பிடாத புரோஸ்டேட் அழற்சி, என்று பதிவான ஒவ்வொரு சார்ட்டும் அந்தக் கணக்கிலிருந்து காணாமல் போகிறது.

சிகிச்சை ஃப்ளூகோனசோல் அல்லது இட்ராகோனசோல், மாதக்கணக்கில். அறிகுறி மறைந்தாலும் மருந்து ஓடும்வரை பி38.81 தொடரும், கூடவே நீண்டகால மருந்துக்கான இசட்79.899. நோய் தீர்ந்தது, மருந்தும் நிறுத்தப்பட்டது என்று மருத்துவர் எழுதிய பிறகுதான் முன்பு இருந்த தொற்றைக் குறிக்கும் இசட்86.19-க்கு மாற்ற வேண்டும்.