மாற்றங்களுக்குச் சாட்சி வைக்கும் ட்ரிக்கர்

தரவுத்தளத்தில் ஒரு அப்டேட் ஓடி முடிந்தால், டேபிளில் தெரிவது புதிய மதிப்பு மட்டும்தான். முன்பு என்ன இருந்தது, யார் மாற்றியது என்று பின்னால் யாராவது கேட்டால் அந்த டேபிளில் பதில் இருக்காது. செயலியின் கோடில் வரலாற்றை எழுதலாம்தான். ஆனால் யாராவது நேரடியாக உள்ளே நுழைந்து ஒரு கட்டளையை ஓட்டினால் அது பதிவாகாது. அதனால்தான் இந்த வேலையைத் தரவுத்தளத்திடமே விடுவது நல்லது என்கிறேன்.

ட்ரிக்கர் என்பது இன்செர்ட், அப்டேட், டெலீட் நடக்கும்போது தானாக ஓடும் சிறு நிரல். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள்கள் இரண்டிலும், மாறும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு முறை ஓடும் வரிசைவாரி ட்ரிக்கருக்குள் ஓல்டு, நியூ என்ற இரண்டு பெயர்கள் கிடைக்கும். மாற்றத்துக்கு முந்தைய வரிசை ஓல்டு, பிந்தையது நியூ. ஓல்டையும் நேரத்தையும் செயலின் பெயரையும் தனி வரலாற்று டேபிளில் சேர்த்துவிட்டால் அடிப்படை வேலை முடிந்தது.

இதன் உண்மையான பலம், முழுதாக நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது என்ற கட்டளைத் தொகுப்பான டிரான்சாக்‌ஷனில் இருக்கிறது. ட்ரிக்கர் எழுதுவது மூல மாற்றம் நடக்கும் அதே டிரான்சாக்‌ஷனுக்குள். மாற்றம் ரோல்பேக் ஆனால், அதாவது திரும்பப் பெறப்பட்டால், வரலாற்று வரியும் சேர்ந்தே மறையும். வரலாற்றை எழுத முடியாமல் பிழை வந்தால் மாற்றமும் நடக்காது. நடக்காத ஒன்று பதிவாவதோ, நடந்தது விடுபடுவதோ இல்லை.

ஓட்டைகளும் உண்டு. டேபிளை ஒரேயடியாகக் காலி செய்யும் ட்ரங்கேட் கட்டளை டெலீட் ட்ரிக்கரை எழுப்பாது. போஸ்ட்கிரெஸில் அதற்குத் தனி ட்ரிக்கர் வைக்க வேண்டும். மாறியதை மட்டும் பதிய ஓல்டையும் நியூவையும் சாதாரணமாக ஒப்பிட்டால், நல் (NULL, மதிப்பே இல்லாத நிலை) வரும் இடத்தில் விடை உண்மை என்றும் வராது, பொய் என்றும் வராது, மாற்றம் நழுவிவிடும். போஸ்ட்கிரெஸில் 'ஈஸ் டிஸ்டிங்ட் ஃப்ரம்' (IS DISTINCT FROM) என்ற ஒப்பீடு இதைச் சரியாகக் கையாளும்.

அப்புறம், 'யார்' என்ற கேள்வி. இணையச் செயலிகள் பெரும்பாலும் ஒரே தரவுத்தளப் பயனர் பெயரில்தான் இணைகின்றன. ட்ரிக்கருக்குத் தெரிவதும் அந்தப் பெயர்தான். ஆகவே ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனின் தொடக்கத்திலும் உண்மையான பயனரின் அடையாளத்தைச் செயலி ஒரு செஷன் மாறியில் (அந்த இணைப்புக்குள் மட்டும் நிற்கும் தற்காலிக மதிப்பில்) வைக்க வேண்டும். ட்ரிக்கர் அதை எடுத்து எழுதும்.

தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லின் 2011 தரநிலை, பழைய பதிப்புகளைத் தானே காக்கும் டேபிள்களை வரையறுத்தது. எஸ்க்யூஎல் சர்வர் 2016, மரியாடிபி 10.3 என்ற தரவுத்தள மென்பொருள்களில் அந்த வசதி வந்தது. எப்போது, என்ன என்பதை அவை பார்த்துக்கொள்ளும். யார் என்பதற்கு அங்கேயும் நாம்தான் ஒரு நெடுவரிசை சேர்த்து நிரப்ப வேண்டும்.