பிரெய்ரி: சொல்லும் பொருளும்

பள்ளிப் புவியியல் பாடத்தில் ஸ்டெப்பி, பாம்பாஸ், வெல்டு, டவுன்ஸ் என்னும் வரிசையோடு நாம் மனப்பாடம் செய்த சொல் பிரெய்ரி. வட அமெரிக்காவின் நடுப்பகுதியில், மரம் அரிதாகவும் புல்லும் பூச்செடிகளும் அடர்ந்தும் காணப்படும் பரந்த நிலத்தை அது குறிக்கும். லத்தீனில் புல்நிலத்துக்கு வழங்கிய ‘பிராட்டும்’ என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த இச்சொல்லை, அங்கே குடியேறிய பிரெஞ்சுக்காரர்கள், தம் நாட்டு மேய்ச்சல் நிலத்தின் பெயராக இருந்ததையே, கண்ணுக்கெட்டிய மட்டும் விரிந்த அந்த வெளிக்கும் இட்டு வழங்கினர்.

இதைத் தமிழில் ‘புல்தரை’ என்று எழுதுவோர் உண்டு. அது பூங்காவில் வெட்டிவிட்ட புல்லைத்தான் நினைவூட்டும். பிரெய்ரியின் பெரும் நீலத்தண்டுப் புல் ஆள் உயரத்தைத் தாண்டும். அதன் கதிர் மூன்று விரலாகப் பிரிந்து நிற்பதால் வான்கோழிக்கால் என்றும் பெயர். வேர் மூன்று மீட்டர் வரை இறங்கி மண்ணைக் கறுப்பாக்கி வளப்படுத்தும். அந்த வளமே அதற்கு வினையாயிற்று. ஜான் டீர் 1837இல் செய்த எஃகுக் கலப்பை பரவியபின் உயர்புல் பிரெய்ரி விளைநிலமாகி, இன்று 4 விழுக்காட்டுக்கும் குறைவாகவே எஞ்சியுள்ளது.

‘முல்லை’ என்றும் சொல்லலாகாது. தொல்காப்பியம் அதைக் ‘காடுறை உலகம்’ என்கிறது. முல்லை நிலத்துக்குரிய ‘புறவு’ அழகிய சொல்தான், ஆனால் இன்றைய வாசகருக்குப் புறாவே பறந்து வரும். நம் பக்கத்து ஊர்ப்பெயர்களிலும் சொல் தேடலாம். குமரி மாவட்டத்தில், கோதையாற்றின் மேற்பகுதியில் உள்ள முத்துக்குழிவயல் நெல் விளையும் வயல் அன்று, சோலைக்காடும் புல்வெளியும் கலந்த மலைநிலம். கேரள எல்லைக்கு அப்பால் பொன்முடிப் பக்கம் வரையாட்டுமொட்டை என்னும் புல்மலை இருக்கிறது. வயல், மொட்டை ஆகிய இவ்விரண்டும் மலைப்புல்லுக்கே உரியவை, சமவெளிக்குப் பொருந்தா. ஆகவே பொதுப்பெயராகப் ‘புல்வெளி’யும், அமெரிக்க நிலத்தைச் சுட்டும்போது ‘பிரெய்ரிப் புல்வெளி’யும் போதும்.

அழிந்ததைத் திரும்ப உண்டாக்கும் பணிக்குத்தான் சொல் தேட வேண்டியிருக்கிறது. ‘நிலமீட்பு’ என்றால் நாளிதழ் வாசகர் ஆக்கிரமிப்பு அகற்றத்தையே எண்ணுவார். தேவாலயங்கள் நிறைந்த நம் குமரி மாவட்டத்தில் ‘மீட்பு’ மட்டும் நின்றால் இரட்சிப்பு என்று பொருளாகிவிடும். ‘பசுமையாக்கல்’ என்றாலோ மரக்கன்றோடு வந்துவிடுவார்கள். புல்வெளியில் மரம் நடுவது அதை அழிப்பதாகும். ‘மீள்வளர்ப்பு’ என்பதே என் தேர்வு.

இப்பணி 1935இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பழைய பண்ணை நிலத்தில் தொடங்கியது. இல்லினாயின் நச்சுசா புல்வெளியில் 1986 முதல் தன்னார்வலர்கள் கதிர்களைக் கையால் உருவி விதை சேர்க்கிறார்கள், களைகளைப் பிடுங்குகிறார்கள், புதர் மண்டாதிருக்க, காற்றின் திசை பார்த்து அளவாகத் தீயும் வைக்கிறார்கள். இதற்குச் ‘சமூகப் பங்கேற்பு’ என்னும் அரசாணைத் தமிழைவிட ‘ஊர்ப்பணி’ நெருக்கமானது. நிதிக்கும் நம்மிடம் சொல் உண்டு. மின்னசோட்டா மாநில மக்கள் 2008இல் வாக்களித்து, நீருக்கும் நிலத்துக்கும் கலைக்குமாக விற்பனை வரியை 2034 வரை ஒரு விழுக்காட்டில் எட்டில் மூன்று பங்கு உயர்த்திக்கொண்டார்கள். அதில் ஒரு பங்கு புல்வெளிக்கும் போகிறது. கோயில் கொடைக்கு ஊரே கூடி விதித்துக்கொள்ளும் தலைக்கட்டு வரியை அறிந்தவர்களுக்கு இதை ‘நிதி திரட்டல்’ என்பதைவிட ‘ஊர்வரி’ என்றால் உடனே விளங்கும். தனியார் அறக்கட்டளைகள் தருவதை மட்டும் ‘நன்கொடை’ என்று பிரித்து எழுதலாம்.