119க்கு அடித்தால் பில் வராது

போன மழைக்காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்ட டிவிஷனுக்கு மேலே இருக்கும் அருவியில் ஒரு பையன் வழுக்கி விழுந்தான். கணுக்கால் முறிந்து மூன்று மணித்தியாலம் பாறையிலேயே கிடந்தான். கூட வந்த நாலு பேரிடமும் போன் இருந்தது, சிக்னலும் இருந்தது. "ஆமி வந்தா லட்சக்கணக்குல பில் போடுவாங்களாம்" என்று யாரோ சொல்லியிருந்ததால் ஒருவரும் அழைக்கவில்லை. கடைசியில் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) ஆட்கள் இரண்டு மூங்கில் கழியில் கம்பளியைக் கட்டி இருட்டில் தூக்கி இறக்கினார்கள். கம்பளி ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவன் திரும்பத் திரும்பக் கேட்டது, "எவ்வளவு ஆகும் அண்ணே?"

அந்தப் பயம் வேறு நாட்டுக் கதையிலிருந்து வந்திருக்கலாம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் அசட்டையாக மலையேறி மாட்டிக்கொண்டவரிடம் மீட்புச் செலவைக் கேட்கச் சட்டம் உண்டு. இங்கே இலங்கையில் 119க்கு அழைத்துப் பொலிஸ் வந்தால் அது அவர்கள் கடமை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அரசாங்க ஆஸ்பத்திரியில் வார்டுக்கும் சத்திரசிகிச்சைக்கும் காசில்லை. ஆனபடியால் முதலில் அழையுங்கள்.

அழைக்கும்போதுதான் முதல் சிக்கல். 1990 அழைப்பை எடுப்பவர் கொழும்புப் பக்கம் இருப்பார். நாம் தோட்டத்துக்குச் சொல்லும் தமிழ்ப் பெயர் அவருக்குத் தெரியாது. பெயர்ப்பலகையில் இருக்கும் பெயர், டிவிஷன், பக்கத்து டவுன், வாகனம் வரக்கூடிய கடைசி இடம், இவற்றைச் சொல்லுங்கள். அம்புலன்ஸ் ரோடு முடியும் இடத்தில் நின்றுவிடும். அங்கே ஒருவர் டோர்ச்சோடு நிற்கட்டும்.

அனுமதியில்லாமல் காட்டுக்குள் போனவர்கள் அழைக்கவே தயங்குகிறார்கள். நக்கிள்ஸ் மலைக்காடு வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ், ஹோர்ட்டன் சமவெளி வனஜீவராசிகள் திணைக்களத்தின் கீழ். சீட்டில்லாமல் போயிருந்தால் வழக்கு வரலாம், தண்டப்பணம் கட்ட நேரலாம். அது வேறு விஷயம், மீட்புக்கான கட்டணமல்ல. இரண்டையும் ஒன்றாக்கி யாராவது கையில் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், பற்றுச்சீட்டுக் கேளுங்கள். டிக்கெட் வாங்கியிருந்தால் அதன் துண்டைப் பத்திரமாக வையுங்கள். அது காப்புறுதி இல்லை, முறைப்படி உள்ளே போனதற்கு அத்தாட்சி மட்டும்தான்.

செலவு பிறகு வேறு வழியில் வரும். தனியார் அம்புலன்ஸ், முறிந்த எலும்புக்கு வைக்க வெளியே வாங்கச் சொல்லும் தகடு, துணைக்கு நிற்பவரின் பஸ் காசு. எல்லாவற்றுக்கும் துண்டு வாங்குங்கள். காப்புறுதி எடுப்பதானால் பணம் கட்டும் முன்பே மலையேற்றமும் அருவிக் குளிப்பும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். குடித்திருந்தார் என்று ஆஸ்பத்திரிக் குறிப்பில் ஒரு சொல் விழுந்தாலே கோரிக்கை நின்றுவிடக்கூடும். என்ன காயம், என்ன வைத்தியம் என்று எழுதிய டயக்னோசிஸ் கார்ட் இல்லாமல் வார்டை விட்டு வராதீர்கள்.

அடுத்தது விபத்தைப் பதியும் பொலிஸ் அலைச்சல். விழுந்த இடம் ஒரு பொலிஸ் பிரிவில், ஆஸ்பத்திரி இன்னொன்றில். "அங்கே போங்க" என்று இருவருமே கைகாட்டுவார்கள். அந்தப் பையனின் அம்மா மூன்று நாள் பேரை (நாட்சம்பளத்தை) இழந்து இரண்டு பக்கமும் பஸ் ஏறினார். பெரிய ஆஸ்பத்திரிகளில் பொலிஸ் காவலரண் இருக்கிறது. வாக்குமூலத்தை அங்கேயே கொடுத்து, பதிவு இலக்கத்தை எழுதி வாங்குங்கள்.

வாக்குமூலம் தமிழில் கொடுப்பது உங்கள் உரிமை. அரச அலுவலகத்தில் தமிழில் காரியம் பார்க்கும் உரிமை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. சிங்களத்தில் எழுதியதை "சும்மா ஒரு ஒப்பம்" என்று நீட்டினால், வாசித்துக் காட்டி விளக்கும்வரை கையெழுத்து வைக்காதீர்கள்.

இது தோட்டத்துப் பொடியன்களுக்கு இன்னும் முக்கியம். வழி கேட்டவர்களோடு கொஞ்சத் தூரம் நடந்தவனை ஒரே வரியில் "வழிகாட்டி" என்று எழுதிவிடுகிறார்கள். சுற்றுலா அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் இல்லாதவன் என்ற பழி அப்புறம் அவன் தலையில்தான். வழி காட்டினேன், காசு வாங்கவில்லை என்றால் அந்த இரண்டையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

சிவனொளிபாத மலைக்கு டிசம்பர் போயாவுக்கும் (பௌர்ணமிக்கும்) வெசாக்குக்கும் இடையில் போனால் வழியெல்லாம் வெளிச்சமும் ஆட்களும் இருக்கும். மற்ற மாதங்களில் போகிறவர்கள், எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் 119க்கு அடிக்க வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டே ஏறுங்கள்.

அன்று கம்பளி தூக்கிய நாலு பேருக்கும் மறுநாள் அரைநாள் பேர்தான் விழுந்தது. அதைக் கேட்டு வாங்க ஒரு படிவமும் கிடையாது. காப்பாற்றப்பட்டவரின் வீட்டார்தான் அதைத் தேடிப்போய்க் கொடுக்க வேண்டும்.