முழங்காலுக்கு ஒயில் மாத்துற கதைய விடுங்க

போன கிழமை படுவான்கரைப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தாங்க, வயசு 58, எக்ஸ்ரேய சொப்பிங் பேக்குக்குள்ள சுருட்டிக்கொண்டு. மகன் சங்கிலிய அடகு வெச்சி எங்கயோ "குருத்தெலும்பு வளர்ற ஊசி" மூணு போட்டு விட்டிருக்கான், என்ன மருந்தெண்டு துண்டுல ஒரு எழுத்துமில்ல. ரெண்டு மாசம் நல்லா நடந்தாங்களாம், இப்ப பழையபடி நோவு, சீனியும் ஏறிக் கிடக்கு. "ஒயில் முடிஞ்சிட்டாம் மனே, திரும்பப் போடணுமாம்" எண்டாங்க. இந்த மாசத்துல நாலாவது ஆள், பிசியோவா இருந்து கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போச்சு.

முழங்கால் என்ன மோட்டர்சைக்கிளா? எலும்பு முனையில இளநி வழுக்கை மாதிரி வழுவழுப்பா ஒரு படை இருக்கு, அதுதான் குருத்தெலும்பு. அதுக்குள்ள ரத்தக்குழாயே இல்ல, அதாலதான் கையில வெட்டுக்காயம் ஆறுற மாதிரி அது ஆறுறதில்ல. நரம்பும் இல்ல, தேயத் தொடங்கினது நமக்குத் தெரியவே வராது. ஒயிலெண்டு சொல்றாங்களே, மூட்டுக்குள்ள இருக்கிற தண்ணி, அது வேற விஷயம், வீங்கின கால்ல அது வத்துறதில்ல, கூடித்தான் கிடக்கும், சிலபேருக்கு ஊசியால இழுத்து எடுக்கிறதே அதத்தான்!

ரிப்பேரே இல்லையா எண்டா, இருக்கு. எலும்புல சின்னச் சின்னத் துளை போட்டு ரத்தம் கசிய விடுவாங்க, ஆனா அதுல வளர்றது அசல் இல்ல, தழும்பு மாதிரி நார்ப்படை. சொந்தக் கலத்த எடுத்து லாப்ல வளர்த்துத் திருப்பி வைக்கிறத 1987லயே சுவீடன்ல தொடங்கிட்டாங்க. இதெல்லாம் பெரும்பாலும் பந்தடிச்சி விழுந்த இளம் ஆக்களுக்கு, ஒரு இடத்துல மட்டும் குழி விழுந்த காலுக்கு. வரம்புல நண்டுக்குழிய அடைக்கலாம், வரம்பே கரைஞ்சிபோனா எத அடைக்கிற?

ஊசியே கூடாதெண்டு நான் சொல்லல்ல. ஸ்டீரொயிட் கொஞ்ச வாரத்துக்கு நோவ அடக்கும், அவ்வளவுதான். அமெரிக்காவுல மூணு மாசத்துக்கொருக்கா ரெண்டு வருசம் போட்டுப் பாத்து 2017ல வந்த ஆய்வுல, உப்புத்தண்ணி ஊசி போட்டவங்களவிட ஸ்டீரொயிட் போட்டவங்கட குருத்தெலும்புதான் கூடத் தேஞ்சிருந்தது.

போடுறதெண்டா மருந்துட பேர எழுதி வாங்குங்க. சீனி இருந்தா முதலே சொல்லுங்க, ஸ்டீரொயிட் அத ஏத்தி விடும். ஊசிக்குப் பிறகு கால் சிவந்து காய்ச்சலும் வந்தா எண்ணெய் பூசிக்கொண்டு கிடக்காம அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. உடம்புல ஒரு கிலோ குறைச்சா ஒவ்வொரு அடியிலயும் முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் குறையும். தயவுசெஞ்சி அந்தத் திருவலைக்கட்டையில குந்தாதீங்க, மேசையில பூட்டுற திருவலை ஒண்டு வாங்குங்க.

அந்த அம்மாவக் கதிரையில இருத்தி, கால நீட்டி அஞ்சு செக்கன் பிடிச்சி இறக்கச் சொன்னன், பத்துத் தரம். செஞ்சி முடிச்சிட்டு மடியில முடிச்ச அவுக்கிறாங்க, "இதுக்கு எவ்வளவு மனே?"